ஹூஸ்டன் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? காஸ் மீட்டரில் தொடங்குங்கள்

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. அதே ஆண்டு மே மாதச் சூறைக்காற்றில் ஏற்கெனவே ஒரு முறை போயிருந்தது. 2021 பிப்ரவரிப் பனியை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால்தான் கேட்டி, சுகர்லேண்ட், சைப்ரஸ், பேர்லேண்ட் பக்கம் நம்மவர்கள் வீட்டு விருந்துகளில் இப்போது பள்ளிக்கூடப் பேச்சுக்கு அடுத்தபடி ஜெனரேட்டர் பேச்சுதான். எல்லோரும் எடுத்ததும் "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்று கேட்கிறார்கள். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வரிசை மாறினால் பணம் கட்டிய பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். எங்கள் வீட்டு வேலை இழுத்தடித்ததில் தெரிந்துகொண்டதை முறைப்படி எழுதுகிறேன்.

1. முழு வீட்டுக்கும் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் என்பது வீட்டுக்கு வெளியே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் பெட்டி. கரண்ட் போனதும் தானாகக் கிளம்பி, பத்துப் பதினைந்து விநாடிக்குள் வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். கரண்ட் திரும்பியதும் தானே நின்றுவிடும்.

ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், வை-ஃபை, ஒரு ஜன்னல் ஏ.சி. போதும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். பெட்ரோலிலும் புரோப்பேனிலும் ஓடும் சிறிய ஜெனரேட்டரை வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து, வெளிச்சுவரில் ஜெனரேட்டர் வயரைச் செருக ஒரு இன்லெட்டும், மின் பேனலில் வெளிக் கரண்டும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் ஒரு இன்டர்லாக்கும் போட்டுக்கொண்டால் காரியம் முடிந்தது. ஏப்ரல் கடைசியில் டெக்சாஸ் தரும் விற்பனை வரி விடுமுறையில் 3,000 டாலருக்குக் குறைந்த கையடக்க ஜெனரேட்டருக்கு வரி கிடையாது. நிரந்தரப் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் கையடக்க ஜெனரேட்டரைக் காராஜில் வைத்து ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. பனியிலும் பெரிலிலும் கார்பன் மோனாக்சைடுக்கு உயிர்கள் போயின.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள், இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது, ஒருவருக்கு இரவில் மூச்சுக் கருவி வேண்டும், ஜூலையில் மாடி அறை கொதிக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

2. எரிபொருள்: குழாய் காஸா, புரோப்பேன் டேங்கா

தெருவில் காஸ் லைன் இருந்தால் குழாய் காஸ்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காற்று மின்கம்பத்தைச் சாய்த்தாலும் மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது, லாரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அதில் ஒரு குறை உண்டு. ஒரே இயந்திரம் குழாய் காஸில் ஓடும்போது திறன் பத்து சதவீதத்துக்கும் மேல் குறையும். பெட்டியில் 22 கிலோவாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது புரோப்பேன் கணக்கு. குழாய் காஸில் அதற்கு 19.5தான். ஜெனராக் நிறுவனத்தின் 24 கிலோவாட் 21 ஆகும், 26 கிலோவாட் 22.5 ஆகும். விற்பவர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். "குழாய் காஸில் எத்தனை?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வாலர் பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி வீடு கட்டியவர்களுக்குக் காஸ் லைன் இருக்காது. அங்கே புரோப்பேன்தான் வழி. டேங்கில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், 500 கேலன் டேங்க் என்றால் கையில் 400 கேலன். 22 கிலோவாட் இயந்திரம் பாதிச் சுமையில் மணிக்கு சுமார் இரண்டரை கேலன் குடிக்கும், அதாவது ஒரு நாளைக்கு 60 கேலன். நிறைந்த டேங்க் ஆறரை நாள் தாங்கும். 250 கேலன் டேங்க் போதும் என்று யாராவது சொன்னால் இதே கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், மூன்று நாளுக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

தரைக்கு மேல் வைக்கும் 500 கேலன் டேங்க் வீட்டிலிருந்தும் எல்லையிலிருந்தும் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் 25 அடி. டெக்சாஸில் புரோப்பேன் வேலையை மேற்பார்வை செய்வது ரெயில்ரோடு கமிஷன். பெயரைப் பார்த்து ரயில் இலாகா என்று நினைக்காதீர்கள், உரிமம் தருவது அவர்கள்தான். டேங்கை வாடகைக்கு எடுத்தால் அந்த நிறுவனம் மட்டுமே நிரப்பும், புயல் வாரத்தில் வேறு ஆளைக் கூப்பிட முடியாது. சொந்தமாக வாங்குவது முதலில் வலிக்கும், பிறகு விலை பேசும் உரிமை உங்கள் கையில் இருக்கும். எப்படியானாலும் ஜூன் 1 அன்று புயல் பருவம் தொடங்கும் முன் நிரப்பிவிடுங்கள்.

3. மீட்டர் தகட்டைப் படித்துக் கூட்டிப் பாருங்கள்

பெரும்பாலான வேலைகள் சிக்குவது இங்கேதான். எங்கள் வீட்டுக்கு விலை சொல்ல வந்தவர்களில் ஒரே ஒருவர்தான் காஸ் மீட்டர் முன் குனிந்து தகட்டைப் படித்தார். மற்றவர்கள் மின் பேனலைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீங்களே போய்ப் பாருங்கள். சாம்பல் நிற மீட்டரின் முகப்பில் மணிக்கு எத்தனை கன அடி என்று பொறித்திருக்கும். பல வீடுகளில் 250 இருக்கும். ஒரு கன அடி குழாய் காஸில் சுமார் ஆயிரம் பி.டி.யு. வெப்பம் என்று வைத்துக்கொண்டால் அந்த மீட்டர் மணிக்கு சுமார் இரண்டரை லட்சம் பி.டி.யு. தரும்.

இனி வீட்டில் காஸ் குடிக்கும் ஒவ்வொன்றின் தகட்டையும் பாருங்கள். மாடியில் இருக்கும் ஹீட்டிங் ஃபர்னஸ் ஒன்றுக்கு 80,000 அல்லது ஒரு லட்சம். டேங்க் இல்லாத வெந்நீர்க் கருவி என்றால் 1,99,000. அடுப்பு 60,000 பக்கம். ஜெனரேட்டர் முழுச் சுமையில் மூன்று லட்சத்துக்கு மேல். கூட்டினால் ஆறரை லட்சத்தைத் தொடுகிறது, மீட்டரோ இரண்டரை லட்சம்.

இந்தப் பற்றாக்குறை உடனே தெரியாது என்பதுதான் இதன் விஷமம். வாரா வாரம் தானாக ஓடும் சோதனையில் சுமை இல்லை, அதனால் சமர்த்தாக ஓடி நிற்கும். உண்மையில் கரண்ட் போய், ஜனவரி இரவில் ஃபர்னஸும் வெந்நீரும் சேர்ந்து ஓடும்போதுதான் அழுத்தம் விழுந்து, வேகம் குறைந்து, இயந்திரம் பிழை காட்டி நிற்கும். தேவைப்படும் ஒரே இரவில் கைவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒப்பந்தக்காரரின் பிளம்பரிடம் எல்லாக் கருவிகளின் பி.டி.யு.வையும் கூட்டிய சுமைப் பட்டியலை எழுத்தில் வாங்கி, காஸ் நிறுவனத்திடம் மீட்டர் மாற்ற விண்ணப்பியுங்கள். யார் விண்ணப்பிப்பது, கட்டணம் யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள். மீட்டர் மாற்ற வாரங்கள் ஆகலாம், புயலுக்குப் பின் மாதங்கள். ஆகவே ஜெனரேட்டர் ஆர்டர் போடும் அன்றே இந்த விண்ணப்பமும் போக வேண்டும்.

குழாயின் பருமனும் முக்கியம். வீட்டுக்குள் வரும் சாதாரண அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் கால் பவுண்டுதான். மீட்டரிலிருந்து ஜெனரேட்டர் தூரம் கூடக் கூட ஒன்றேகால் அங்குலக் குழாய், ஒன்றரை அங்குலக் குழாய் என்று போக வேண்டும். தூரம் மிக அதிகமானால் 2 பவுண்டு அழுத்தம் கேட்டு, ஜெனரேட்டர் பக்கம் ஒரு ரெகுலேட்டர் வைப்பார்கள். இருக்கிற முக்கால் அங்குல அடுப்புக் குழாயில் ஒரு கிளை எடுத்துவிடலாம் என்று சொல்பவரை அப்படியே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

4. இப்போது கிலோவாட்

பேனலில் இருக்கும் பிரேக்கர்களைக் கூட்டி அளவு சொல்பவர்கள் உண்டு. அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் தளத்தில் மின் பில்லில் உள்ள இ.எஸ்.ஐ. எண்ணையும் மீட்டர் எண்ணையும் கொடுத்துக் கணக்குத் திறந்தால், 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீங்கள் எவ்வளவு மின்சாரம் எடுத்தீர்கள் என்ற விவரம் இலவசமாகக் கிடைக்கும். சென்ற ஆகஸ்ட் மாதத்தை எக்செலில் போட்டு, மிகப் பெரிய எண்ணை நான்கால் பெருக்குங்கள். 2.6 யூனிட் என்றால் 10.4 கிலோவாட். உங்கள் வீட்டின் உச்சச் சுமை அதுதான். மின்சாரக் கார் சார்ஜ் ஆன இரவுகளையும் டிரையர் ஓடிய நேரங்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அவற்றை நிறுத்திவைக்கலாம்.

இது 15 நிமிடச் சராசரி. ஏ.சி. கம்ப்ரெஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்து இழுப்பு இதில் தெரியாது. வெளியே உள்ள ஏ.சி. பெட்டியின் தகட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஒரு எண் இருக்கும், அந்த இழுப்பைச் சொல்வது அதுதான். பழைய வகை 4 டன் ஏ.சி.யில் அது நூறு ஆம்பியரைத் தாண்டும். இங்கே மாடி வீட்டில் பெரும்பாலும் இரண்டு ஏ.சி., இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் இயந்திரம் திணறும். ஒவ்வொரு ஏ.சி.க்கும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் அந்த இழுப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். பொருளின் விலை 300, 400 டாலர். அடுத்த பெரிய அளவு ஜெனரேட்டருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை.

கார் சார்ஜர், டிரையர், மின் அவன் ஆகியவற்றுக்குச் சுமை நிறுத்தும் மாட்யூல் போடச் சொல்லுங்கள். திறன் நிரம்பும்போது அவை தானாக ஒதுங்கும். கரண்ட் போனதும் வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் தானியங்கி மாற்றுச் சுவிட்ச் வைக்கும் வீட்டில், ஒன்று மொத்தச் சுமையையும் தாங்கும் ஜெனரேட்டர் இருக்க வேண்டும், இல்லை இப்படிச் சுமையைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது மின் விதி. ஆய்வாளர் இதைக் கேட்பார். வெட் கிரைண்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது ஒரு பழைய குண்டு பல்ப் இரண்டு எரியும் அளவுக்குத்தான் எடுக்கும்.

இரண்டு ஏ.சி. உள்ள சாதாரண மாடி வீட்டுக்கு 22 முதல் 26 கிலோவாட் வரை உள்ள, காற்றால் குளிரும் வகையே போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தண்ணீரால் குளிரும் வகை. நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்குப் பதில் 1,800 சுற்றில் சத்தம் குறைவாக ஓடும், நாள் கணக்கில் ஓடினாலும் அலுக்காது. விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. பெரிய வீடு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சில வீடுகளில் 200 ஆம்பியர் பேனல் இரண்டு இருக்கும். விலைப்புள்ளியில் மாற்றுச் சுவிட்ச் ஒன்றுதான் எழுதியிருந்தால் வீட்டில் பாதி இருட்டு.

5. இடம்

வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் நில அளவை வரைபடம் ஒன்று இருக்கும். அதை எடுத்து வையுங்கள், இனி எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

ஜன்னல், கதவு, காற்று உள்ளே போகும் துளை எதிலிருந்தும் குறைந்தது 5 அடி. அடுத்த வீட்டு ஜன்னலையும் சேர்த்துப் பாருங்கள். சுவரிலிருந்து 5 அடி, அல்லது தீப் பரிசோதனையில் தேறிய மாடல் என்றால் 18 அங்குலம். முன்பக்கம் பழுது பார்க்க 3 அடி. பெட்டியின் அகலமே இரண்டு அடிக்கு மேல். இதைக் கூட்டினால், நம் பேட்டைகளில் இருக்கும் 5 அடிப் பக்கச் சந்தில் பல நேரம் இது பொருந்தாது. பின்பக்கம் போகலாம், ஆனால் வேலி ஓரத்தில் மின்கம்பிக்கும் வடிகாலுக்கும் விட்டிருக்கும் ஈஸ்மெண்ட் பட்டையில் வைக்கக் கூடாது.

வெள்ளம். 2017 ஹார்வியில் அடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களை ஒட்டிய தெருக்களில் படகு ஓடியது. மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வெள்ளப் பகுதி என்றால் எவ்வளவு உயரத்தில் மேடை வேண்டும் என்பதைப் பெர்மிட் அலுவலகத்தில் கேட்டு, விலைப்புள்ளிக்கு முன்பே ஒப்பந்தக்காரருக்குச் சொல்லுங்கள். மேடையின் செலவு பின்னால் வந்து சேர்ந்தால் பட்ஜெட் ஆடிப்போகும்.

6. எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்)

பயப்பட வேண்டாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 202.019 பிரிவு 2015 முதல் நடப்பில் உள்ளது. நிரந்தர ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் வைக்கக் கூடாது என்று சங்கம் தடுக்க முடியாது. ஆனால் தெருவில் இருந்து தெரிந்தால் மறைப்பு வை, இந்த நேரத்தில் மட்டும் சோதனை ஓட்டு, உரிமம் பெற்றவரைக் கொண்டு செய் என்றெல்லாம் நியாயமான நிபந்தனை போடலாம். முன் அனுமதியும் கேட்கலாம். இடத்தை மாற்றச் சொல்லி, அதனால் செலவு மிகவும் ஏறுமானால் அதற்கும் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. பிரிவைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அனுப்ப வேண்டியவை: அளவை வரைபடத்தில் தூரங்களைக் குறித்த படம், மாடலின் விவரத் தாள் (சத்த அளவு உள்பட), மறைப்புக்கு என்ன செடி அல்லது வேலி, ஒப்பந்தக்காரரின் உரிம எண், அவருடைய காப்பீட்டுச் சான்று. எல்லாம் ஒரே பி.டி.எஃப்.பாக. துண்டு துண்டாக அனுப்பினால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கமிட்டிக் கூட்டம் கடந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புகார் வருவது பெரும்பாலும் சத்தத்தால் அல்ல, சொல்லாமல் செய்ததால்.

7. விலைப்புள்ளியும் பணமும்

நானும் நண்பர்களும் வாங்கிய விலைப்புள்ளிகள் பெரும்பாலும் 12,000 முதல் 18,000 டாலருக்குள் இருந்தன. இயந்திரமும் சுவிட்சும் அதில் ஏறக்குறைய பாதி. மீதி காஸ் குழாய், மின்வேலை, தளம், பெர்மிட். காஸ் மீட்டரும் மின் மீட்டரும் வீட்டின் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் விலை ஏறும்.

விலைப்புள்ளியில் இவை தனித்தனி வரியாக இருக்கின்றனவா பாருங்கள்: மாடல் எண், சுவிட்ச் எண்ணிக்கை, குழாயின் பருமனும் நீளமும், மீட்டர் மாற்றம், சாஃப்ட் ஸ்டார்ட்டர், மாட்யூல்கள், பேட்டரி, பெர்மிட் கட்டணம், முதல் ஆயில் மாற்றம். "காஸ் வேலை தனி" என்று கடைசி வரியில் சின்னதாக எழுதிய விலைப்புள்ளிதான் எப்போதும் மலிவாகத் தெரியும்.

எலக்ட்ரீஷியனின் உரிமத்தை மாநில உரிமத் துறையான டி.டி.எல்.ஆர். தளத்திலும் பிளம்பரின் உரிமத்தை மாநிலப் பிளம்பிங் தேர்வு வாரியத் தளத்திலும் பெயர் போட்டுப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். முன்பணம், இயந்திரம் வந்திறங்கியதும் ஒரு பகுதி, கடைசித் தவணை இறுதி ஆய்வு தேறிய பிறகுதான். புயல் முடிந்த வாரத்தில் கதவைத் தட்டி "இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்பவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

8. நாள் கணக்கு

அக்டோபரில் தொடங்கினால் வசந்தத்துக்குள் சாவகாசமாக முடியும். ஜூலையில் தொடங்குபவர்கள் அடுத்த புயலுக்குத்தான் தயாராவார்கள்.

எச்.ஓ.ஏ. அனுமதிக்கு ஒரு மாதம் வையுங்கள். மீட்டர் விண்ணப்பமும் பெர்மிட்டும் அதே நேரத்தில் ஓடட்டும். ஹூஸ்டன் நகர எல்லைக்குள் ஒரு விதி, எல்லைக்கு வெளியே கவுன்ட்டி நிலத்தில் வேறு விதி, அதனால் உங்கள் முகவரி யாருக்குக் கீழ் வருகிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள். பெர்மிட் ஒப்பந்தக்காரர் பெயரில்தான் எடுக்கப்பட வேண்டும், உங்களை எடுக்கச் சொன்னால் ஏதோ சரியில்லை. குழி தோண்டும் முன் 811க்குக் கூப்பிட்டு நிலத்தடிக் குழாய்களைக் குறித்தார்களா என்று கேளுங்கள். அடையாளம் போட இரண்டு வேலை நாள் வேண்டும். பொருத்தும் வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும், காத்திருப்பதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

9. ஒப்படைக்கும் அன்று

சுவிட்சைத் தட்டி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்புவார்கள். விடாதீர்கள். இரண்டு ஏ.சி.யையும் குறைந்த வெப்பநிலைக்கு வையுங்கள், வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள், அடுப்பின் எல்லாப் பர்னரையும் பற்றவையுங்கள், ஃபர்னஸையும் தனியாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு வெளிக் கரண்ட் வரும் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடட்டும். அந்த நேரத்தில் பிளம்பர் ஜெனரேட்டரின் காஸ் நுழைவாயிலில் அழுத்தமானியை மாட்டி முள்ளைக் காட்ட வேண்டும். தயாரிப்பாளர் கேட்கும் குறைந்த அளவுக்குக் கீழே அது இறங்கக் கூடாது. அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வாரண்டி வழக்கு வந்தால் இது ஒன்றே போதும்.

வரிசை எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் பதிவு செய்தீர்களா, வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னீர்களா, ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா. ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிவையுங்கள், அந்தப் பத்து விநாடியில் அலுவலகக் கூட்டத்திலிருந்து விழாமல் இருக்கலாம்.

10. ஓடத் தொடங்கியபின்

பாதிச் சுமையில் நாள் முழுக்க ஓடினால் நாலாயிரம், ஐயாயிரம் கன அடி காஸ் போகும். உங்கள் பில்லில் ஆயிரம் கன அடிக்கு என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். புரோப்பேனைவிட மலிவாக இருக்கும், ஆனாலும் ஒரு வாரம் ஓடினால் அந்த மாத பில் கண்ணை உறுத்தும். இரவில் ஆள் இல்லாத மாடியின் ஏ.சி.யை 80 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள்.

ஆயில்தான் பலர் மறப்பது. புது இயந்திரத்துக்கு முதல் 25 மணி நேரத்திலேயே ஆயில் மாற்ற வேண்டும். முதல் புயலே இரண்டு நாள் நீடித்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு 200 மணி நேரம், அல்லது ஆண்டுக்கு ஒரு முறை. தொடர்ந்து ஓடும்போது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி அளவு பாருங்கள். முதலில் வீட்டு பேனலின் மெயினை அணைத்துச் சுமையைக் கழற்றுங்கள், ஓரிரு நிமிடம் சும்மா ஓடிச் சூடு தணியட்டும், பிறகு கன்ட்ரோலரை ஆஃபில் வைத்துச் சில நிமிடம் பொறுத்துக் குச்சியை எடுங்கள். குறைந்திருந்தால் ஊற்றி, கன்ட்ரோலரை மறக்காமல் ஆட்டோவுக்கே திருப்புங்கள், அது கிளம்பியதும் பேனலின் மெயினையும் போடுங்கள். ஆஃபிலேயே விட்டால் அடுத்த முறை கரண்ட் போகும்போது அது கிளம்பாது. மாடலுக்குரிய ஆயிலும் ஃபில்டரும் இரண்டு செட் காராஜில் இருக்கட்டும். புயல் வாரத்தில் கடைகளில் கிடைக்காது, பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அவருக்கு உங்களுக்கு முன்னால் நூறு வீடு இருக்கும். பேட்டரியை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், செத்த பிறகு அல்ல.